குவாட்டர்பேக்கை மாத்துறதுக்கு முன்னாடி லைனைப் பாருங்க: அறிகுறி வாரியா பழுது பாக்குற வழி

மொதல்லயே சொல்லிடறேன், இது அமெரிக்கன் ஃபுட்பால் பத்தினது. மெஸ்ஸி ஆடுறது இல்ல, முட்டை மாதிரி பந்து, தலையில ஹெல்மெட், தோள்ல பேட் கட்டிட்டு மோதிக்கிற ஆட்டம். நான் டல்லாஸ் பக்கத்துல ஒரு சபர்ப்ல இருக்கேன், பையன் டீம்ல சேந்தப்போ தண்ணி கேன் தூக்குற அப்பாவா கிரவுண்டுக்குள்ள போனவன், இப்போ ஆறு சீசனா லைன் கோச்சுக்கு எடுபிடி. பெரிய நிபுணன்லாம் இல்ல, ஆனா தோத்த மேட்ச் வீடியோவை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பாத்த அனுபவம் நிறைய இருக்கு.

ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மேட்ச் தோத்தா போதும், பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பல்லவிதான், குவாட்டர்பேக்கை மாத்துங்க குவாட்டர்பேக்கை மாத்துங்கன்னு. குவாட்டர்பேக்னா லைனுக்கு பின்னாடி நின்னு பந்தை வாங்கி எறியறவன். மாடி ஒழுகுதுன்னா மேல ஏறி விரிசல் எங்கன்னு பாக்காம கீழ சீலிங்குக்கு பெயின்ட் அடிக்கிற கதை. இந்த ஆட்டத்துல பழுது ஒரு இடத்துல இருக்கும், கண்ணுக்கு தெரியறது வேற இடத்துல இருக்கும். நான் பாத்த வரைக்கும் பத்துக்கு ஏழு தடவை பழுது லைன்லதான்.

புதுசா பாக்குறவங்களுக்கு ரெண்டே வரி: நம்ம கையில பந்து இருக்கறப்போ முன்னாடி குனிஞ்சு நிக்கிற அஞ்சு பேர் ஓ-லைன், நடுவுல சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல ரெண்டு டாக்கிள். எதிராளி கையில பந்து இருக்கறப்போ நம்ம பக்கம் முன்னாடி நிக்கிற மூணு நாலு பேர் டி-லைன். ஒவ்வொரு பிளேயும் சென்டர் பந்தை பின்னாடி குவாட்டர்பேக்குக்கு குடுக்கறதுல ஆரம்பிக்கும், அதுக்கு பேரு ஸ்னாப். அதை விட்டா இவங்க பந்தை தொடுறதே அபூர்வம், டிவியில பேரு வர்றதும் அபூர்வம்.

பழுது பாக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

வீடியோ எடுங்க. சைடுல உக்காந்து இல்ல, கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி எவ்ளோ உயரமா நிக்க முடியுமோ அங்க நின்னு எடுங்க, சைடுல இருந்து எடுத்தா லைன்ல எல்லாரும் ஒருத்தனை ஒருத்தன் மறைச்சுக்குவான். பாக்கறப்போ பந்தை பாக்கவே கூடாது. இதுதான் கஷ்டம், கண்ணு தானா பந்து பின்னாடி ஓடும். ஒரு பேப்பரை எடுத்து ஸ்கிரீன்ல குவாட்டர்பேக் நிக்கிற இடத்தை மறைச்சுட்டு பாருங்க, நான் அப்படித்தான் பழகினேன். ஒவ்வொரு பிளேலயும் லைன்மேன் எடுத்து வைக்கிற மொத ரெண்டு அடியை மட்டும் பாருங்க, யாரு மொதல்ல தோத்தான், ஸ்னாப் ஆனதுல இருந்து எத்தனை செகண்ட்ல தோத்தான், இந்த ரெண்டையும் நோட்டுல எழுதுங்க. அந்த நோட்டை பக்கத்துல வெச்சுக்கிட்டு கீழ படிங்க.

அறிகுறி: குவாட்டர்பேக் எந்நேரமும் தரையில கிடக்கான்

நோட்டுல செகண்ட் கணக்கை பாருங்க. ரெண்டரை செகண்டுக்குள்ள ஆளு வந்து அடிச்சிட்டானா, இல்ல மூணு, மூணரை தாண்டியா? மூணு தாண்டினா லைன் மேல பழி போடாதீங்க, அஞ்சு பேரு அவ்ளோ நேரம் தாங்கினதே பெரிசு. குவாட்டர்பேக் பந்தை கையில வெச்சுக்கிட்டு கோலம் போடறான், இல்ல பாஸ் பிடிக்க ஓடற ரிசீவர் யாரும் தன்னை காக்கறவனை விட்டு பிரிஞ்சு வரல. ரெண்டடி பின்னாடி வெச்சு உடனே எறியற சின்ன பாஸ் குடுங்க, அப்படியும் எறியலைன்னா அப்போ குவாட்டர்பேக் பத்தி பேசலாம்.

ரெண்டரைக்குள்ளன்னா அடுத்த கேள்வி, வந்தவனை யாராவது தொட்டாங்களா? யாருமே தொடாம கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி நேரா நடந்து வந்துட்டான்னா அது பலம் பத்தாத பிரச்சனை இல்ல, பேச்சு வார்த்தை பிரச்சனை. யார் யாரை பிடிக்கணும்னு ஸ்னாப்புக்கு முன்னாடி சென்டர் கை காட்டி சொல்லணும், பக்கத்துல இருக்கவன் அதை அப்படியே அடுத்தவனுக்கு கடத்தணும். டிஃபென்ஸ்ல ரெண்டு பேரு குறுக்க மாத்தி ஓடுற ஸ்டன்ட்ல தான் இது நாறும், கார்டு தன் ஆள் பின்னாடியே போயிடுவான், டாக்கிளும் தன் ஆள் பின்னாடியே போயிடுவான், நடுவுல ரோடு போட்ட மாதிரி வழி. மருந்து என்னன்னா ஆளை துரத்தாதே, இடத்தை பிடி, வர்றவனை வாங்கு, போறவனை பக்கத்துல இருக்கவன்கிட்ட ஒப்படை. வாரத்துல மூணு நாள் பத்து நிமிஷம், பேட் கூட வேணாம், நடந்து நடந்தே பழக்கலாம்.

தொட்டும் தோத்தான், ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான்னா காலை பாருங்க. டாக்கிள் பின்னாடி சறுக்கி போறப்போ ரெண்டு காலும் ஒட்டிக்கிச்சுன்னா முடிஞ்சுது, தள்ளினா விழுவான். இல்ல கையை எதிராளியோட தோளுக்கு வெளியில போடுவான், கை உள்ள, நெஞ்சு மேல போகணும். அதுவரைக்கும் அந்த பையனை தனியா விடாதீங்க, டைட் எண்டை (லைன் ஓரத்துல நின்னு தடுக்கறவன், பாஸும் பிடிப்பான்) பக்கத்துல நிறுத்துங்க, ரன்னிங் பேக் (மத்த நேரத்துல பந்தை வாங்கி ஓடறவன்) வெளிய ஓடறப்போ போற போக்குல வர்றவனுக்கு ஒரு இடி குடுத்துட்டு போகட்டும்.

நடுவுல இருந்து இடியுதுன்னா, அதாவது சென்டரும் கார்டும் பின்னாடி தள்ளப்பட்டு குவாட்டர்பேக் மடியிலயே வந்து உக்காந்தா, அதுதான் எல்லாத்துலயும் மோசம். ஓரத்துல இருந்து வர்றவனை ரெண்டடி முன்னாடி வெச்சு தப்பிக்கலாம், நடுவே இடிஞ்சா முன்னாடி போக இடமே கிடையாது.

இதுக்கு கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது, ஏன்னா ஒரே டீம், ஒரே குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், மூணு சூப்பர் பௌல் (அதாவது புரோ லீக்கோட ஃபைனல்), மூணு விதமான லைன். 2021 பிப்ரவரி, டாம்பா பே கூட ஃபைனல். அந்த சீசன் 14 ஜெயிச்சு 2 மட்டும் தோத்த டீம் அது. ஆனா ரைட் டாக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு பிரச்சனையால ஏற்கனவே வெளிய, லெஃப்ட் டாக்கிள் எரிக் ஃபிஷர் அதுக்கு முந்தின மேட்ச்ல குதிகால் தசைநார் அறுந்து வெளிய. என்ன பண்ணாங்க, வலது பக்கம் ஆடிட்டிருந்தவனை இடது பக்கம் தூக்கி போட்டு, கார்டா இருந்தவனை டாக்கிளா ஆக்கி, ஒட்டு போட்ட லைனோட இறங்கினாங்க. டாம்பா பெருசா பிளிட்ஸ் (லைனுக்கு பின்னாடி நிக்கிறவங்களையும் சேத்து குவாட்டர்பேக் மேல பாய விடறது) கூட அனுப்பல, முன்னாடி நின்ன நாலு பேரே போதுமா இருந்துச்சு. சாக், அதாவது எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கை சாய்க்கறது, மூணுதான், ஆனா 29 தடவை மஹோம்ஸ் மேல ஆள் பாஞ்சான், சூப்பர் பௌல்ல அதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்ல. 31-9னு தோல்வி. பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போற டச் டவுன் சீஃப்ஸுக்கு ஒண்ணு கூட இல்ல. அந்த மேட்ச்ல மஹோம்ஸ் தரைக்கு சமமா, படுத்துக்கிட்டே காத்துல பறந்து ஒரு பந்து எறிஞ்சான் பாருங்க, அதை விட லைன் எவ்ளோ முக்கியம்னு சொல்ற படம் கிடையாது.

அடுத்த ஆறு மாசத்துல அவங்க குவாட்டர்பேக்கையா மாத்தினாங்க? லைன்ல அஞ்சு பேரையும் மாத்தினாங்க. லெஃப்ட் கார்டுக்கு ஜோ தூனியை அஞ்சு வருஷம் 80 மில்லியன் டாலருக்கு எடுத்தாங்க, லெஃப்ட் டாக்கிளுக்கு ஆர்லாண்டோ பிரவுனை டிரேட்ல கொண்டு வந்தாங்க, சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா புது ஆளுங்களை எடுக்கறது) 63வது ஆள், ரைட் கார்டு ட்ரே ஸ்மித் ஆறாவது ரவுண்டுல 226வது ஆள். காசை எங்க கொட்டினாங்கன்னு கவனிங்க, நடுவுல. 2023 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கூட ஃபைனல், அந்த சீசன்ல 70 சாக் எடுத்த டிஃபென்ஸ் அது, மஹோம்ஸுக்கோ கணுக்கால் அடிபட்டு நொண்டிட்டு இருந்தான். அன்னிக்கு சாக் எத்தனை தெரியுமா, பூஜ்ஜியம். 38-35 சீஃப்ஸ்.

மூணாவது காட்சி 2025 பிப்ரவரி, மறுபடி அதே ஈகிள்ஸ். லெஃப்ட் டாக்கிள்ல சரியான ஆள் அமையாம கார்டு தூனியை டாக்கிளுக்கு நகர்த்தி வெச்சிருந்தாங்க. ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்துல கல்லை உருவின மாதிரி. ஆறு சாக், 40-22, அதுவும் ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ் கூட அனுப்பாம. முதல் ஃபைனலுக்கும் மூணாவது ஃபைனலுக்கும் நடுவுல மஹோம்ஸ் ஒண்ணும் எறியறதை மறந்துடல.

லைனை சரி பண்றதை தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு கேட்டா, 2002ல ஹூஸ்டன் டெக்சன்ஸ் புது டீமா வந்த வருஷம் குவாட்டர்பேக் டேவிட் கார் வாங்கின 76 சாக் இன்னும் ரெக்கார்டா நிக்குது. இண்டியானாபொலிஸ்ல குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் வருஷக்கணக்கா அடி வாங்கினான், கிட்னி கிழிஞ்சுது, தோள் போச்சு, 2017 முழுக்க ஆடவே இல்ல. 2018 டிராஃப்ட்ல ஆறாவது ஆளா குவென்டன் நெல்சன்ங்கிற கார்டை எடுத்த பிறகு அந்த சீசன்ல 18 சாக்தான், ஆனா நேரம் கடந்துடுச்சு, அடுத்த ஆகஸ்ட்ல 29 வயசுல போதும்டா சாமின்னு ரிட்டையர் ஆயிட்டான். குவாட்டர்பேக் ஜோ பர்ரோ டென்னஸீ கூட பிளேஆஃப்ல ஒன்பது சாக் வாங்கியும் ஜெயிச்சான்னு சொல்லுவீங்க, உண்மைதான், 19-16. அது அதிர்ஷ்டத்தோட உபயம். மூணு வாரம் கழிச்சு சூப்பர் பௌல்ல டி-லைன்ல ஆரோன் டொனால்ட் இருந்த ராம்ஸ்கிட்ட ஏழு சாக், 23-20 தோல்வி.

அறிகுறி: ஒரு கெஜம் வேணும், ஒரு கெஜம் கூட ஓட முடியல

மூணாவது டவுன், அதாவது மூணாவது முயற்சி, ஒரே ஒரு கெஜம் பாக்கி, எல்லாருக்கும் தெரியும் ஓடத்தான் போறோம்னு, ஆனா ஓடினவன் பின்னாடி விழுந்து கிடப்பான். உடனே ரன்னிங் பேக் சரியில்லைம்பாங்க.

சாக்வான் பார்க்லியை எடுத்துக்கங்க. 2023ல நியூயார்க் ஜயண்ட்ஸ்ல 14 மேட்ச்ல 962 கெஜம் ஓடினான், அந்த லைன் அந்த வருஷம் மொத்தம் 85 சாக் குடுத்த லைன். அடுத்த வருஷம் ஈகிள்ஸுக்கு போனான், 2005 கெஜம். அதே கால், அதே தொடை, வயசு ஒண்ணு கூடிடுச்சு வேற. சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும், முன்னாடி வழி இருந்தாதானே ஓடுவான்.

இதுல மொதல்ல பாக்க வேண்டியது உயரம். ஸ்னாப் ஆன உடனே நம்ம பையன் நிமிர்ந்துடறானா? யாரோட தோள் பேட் கீழ இருக்கோ அவன்தான் ஜெயிப்பான், அதுல மறுபேச்சே இல்ல, அம்பது கிலோ பையன் எழுபது கிலோ பையனை தூக்கறதை நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க கிரவுண்டுல தகரமும் பைப்பும் வெச்சு தாழ்வா ஒரு கூரை மாதிரி செஞ்சிருக்கோம், அதுக்கு அடியில குனிஞ்சு நின்னு வெளிய பாஞ்சு வரணும், நிமிர்ந்தா ஹெல்மெட் டங்குனு இடிக்கும். மொத வாரம் கோயில் மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும். மூணாவது வாரம் சத்தம் நின்னுடும்.

அடுத்தது டபுள் டீம். ரெண்டு பேரு சேந்து ஒருத்தனை தள்ளிட்டு, அதுல ஒருத்தன் பிரிஞ்சு பின்னாடி நிக்கிற லைன்பேக்கரை பிடிக்க போகணும். பசங்க என்ன பண்ணுவாங்கன்னா லைன்பேக்கரை பாத்த உடனே அவசரமா பிரிஞ்சுடுவாங்க, அரைகுறையா தள்ளின ஆள் அப்படியே நிப்பான், பிளே அங்கேயே செத்துடும். இடுப்போட இடுப்பு ஒட்டிக்கிட்டு மொதல்ல இவனை நகர்த்து, லைன்பேக்கர் தானா உன்கிட்ட வருவான், ஓடறது எங்கன்னு அவனும் வந்துதானே ஆகணும்? இதை ஒரு சீசன்ல ஆயிரம் தடவை சொல்லுவேன்.

இதுல வாஷிங்டன் டீம் ஒரு பாடம். 1980கள்ல ஜோ கிப்ஸ் ஹெட் கோச், லைனுக்கு ஜோ பூகல், அவரு அந்த லைனுக்கு வெச்ச செல்லப் பேரு ஹாக்ஸ், அதாவது பன்னிங்க. அவங்க ஜெயிச்ச மூணு சூப்பர் பௌலுக்கும் மூணு வேற வேற குவாட்டர்பேக், ஜோ தீஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். 1988 ஜனவரி ஃபைனல்ல டிம்மி ஸ்மித்னு ஒரு புதுப் பையன் 204 கெஜம் ஓடி ரெக்கார்ட் போட்டான், அதுக்கப்புறம் அவன் பேரை யாரும் பெருசா கேள்விப்படல. லைன்ல முக்கியமான ஆளுங்க மட்டும் அதே ஆளுங்க. அதுல டாக்கிள் ஜோ ஜாக்கபியை டிராஃப்ட்ல யாருமே எடுக்கல.

அறிகுறி: எதிராளி நம்ம மேல ஓடிக்கிட்டே இருக்கான்

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆறு கெஜம் ஏழு கெஜம்னு போகுதா? ஸ்கோர் ஷீட்டை பாத்து லைன்பேக்கரை திட்டாதீங்க. டி-லைன்ல இருக்கவன் வேலை டாக்கிள் (இங்க ஓடறவனை பிடிச்சு சாய்க்கறது) எண்ணிக்கை ஏத்தறது இல்ல, தன் பொறுப்புல இருக்கற கேப்பை, அதாவது இடைவெளியை, அடைச்சு வெச்சு, முடிஞ்சா ரெண்டு பேரை தன் மேலயே இழுத்து வெச்சுக்கறது. டி-லைன் நடுவுல நிக்கிற நோஸ் டாக்கிள் பேருல ஷீட்ல ஒண்ணுன்னு இருக்கும், பின்னாடி லைன்பேக்கர் பேருல பன்னெண்டுன்னு இருக்கும், பன்னெண்டும் நோஸ் டாக்கிள் போட்ட பிச்சை.

வீடியோல ரெண்டு விஷயம் தேடுங்க. நடு ஆள் டபுள் டீம்ல மாட்டி அஞ்சு கெஜம் பின்னாடி பயணம் போறானா? அவனுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியது, ஜெயிக்க முடியலைன்னா ஒரு முட்டியை கீழ போட்டு அங்கேயே குவியலா விழுந்துடு, வழியை அடை, எழுந்து நின்னு பின்னாடி மட்டும் போகாதே. ரெண்டாவது, ஓரத்துல நிக்கிறவன் சாக் ஆசையில உள்ள பாஞ்சுடறானா? அவன் உள்ள வந்த நிமிஷமே ஓரம் திறந்துக்கும். கபடியில கார்னர் ஆள் அவசரப்பட்டு கையை நீட்டினா ரெய்டர் எந்த பக்கமா நழுவுவான்னு நமக்கு தெரியும்ல, அதேதான். எங்க டீம்ல போன வருஷம் ஒரு பையன், வேகத்துக்கு குறைச்சலே இல்ல, ஆனா ஒரே மேட்ச்ல அவன் பக்கமாவே மூணு டச் டவுன் போச்சு. அவனை உக்கார வெச்சு அவன் பாஞ்ச ஒவ்வொரு இடத்துலயும் வீடியோவை நிறுத்தி, இப்போ உன் பின்னாடி யாரு இருக்கான்னு கேட்டோம். நாலாவது தடவை அவனே ரிமோட்டை வாங்கி ஆஃப் பண்ணிட்டான், புரிஞ்சிடுச்சுன்னான்.

அறிகுறி: எதிராளி குவாட்டர்பேக் டீ குடிச்சுக்கிட்டே பாஸ் போடறான்

இதுக்கு எல்லாரும் கண்டுபிடிக்கிற மருந்து பிளிட்ஸ், லைன்பேக்கரையும் அனுப்பு, கடைசியில காவல் நிக்கிற சேஃப்டியையும் அனுப்பு. பிளிட்ஸ்ங்கிறது கந்து வட்டிக்கு வாங்கற பணம், அந்த நேரத்துக்கு கைக்கு வரும், அப்புறம் பின்னாடி ஆளில்லாத இடத்துல ஒரே ஒரு பாஸ்ல வீட்டையே எழுதி வாங்கிடுவான். நாலு பேரை வெச்சே குவாட்டர்பேக்கை கலைக்க முடிஞ்சா மிச்ச ஏழு பேரும் பாஸை காக்க நிக்கலாம், மேல சொன்ன 2025 ஃபைனல் அதுதான்.

2008 பிப்ரவரில நியூ இங்கிலாந்து 18 மேட்ச் ஆடி பதினெட்டும் ஜெயிச்சு ஃபைனலுக்கு வந்துச்சு, எதிர்ல ஜயண்ட்ஸ். நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் டாம் பிரேடியை ஜயண்ட்ஸ் அஞ்சு தடவை சாய்ச்சாங்க. ஸ்ட்ரஹான் ஒரு ஓரம், யூமென்யோரா ஒரு ஓரம், ஆனா விஷயம் ஜஸ்டின் டக், ஓரத்துல ஆடற வேகமான ஆளை பாஸ் வர்ற நேரத்துல உள்ள கொண்டு போய் கார்டுக்கு எதிர்ல நிறுத்தினாங்க. கார்டு கனமான ஆள், சறுக்கி பழக்கமில்ல, டக் சுத்திட்டு போயிட்டான். ரெண்டு சாக் அவனுது. 17-14 ஜயண்ட்ஸ். செலவில்லாத வைத்தியம் இது, உங்க டீம்லயும் செய்யலாம், புதுசா ஆள் வேணாம், இருக்கறவனை வேற இடத்துல நிறுத்தி பாருங்க.

இன்னும் ரெண்டு சின்ன பழுது உண்டு. பையன் குவாட்டர்பேக் கத்தற சத்தத்துக்கு கிளம்பறானா, பந்து அசையறதுக்கு கிளம்பறானா? கண்ணு பந்து மேலதான் இருக்கணும், காது வேணாம். எங்க கோச் டென்னிஸ் பாலை ஒரு குச்சியில கட்டி வெச்சு, வாயால ஹட் ஹட்னு கத்திக்கிட்டே இருப்பாரு, பால் அசைஞ்சா மட்டும்தான் பாயணும். அப்புறம், ஓரத்துல இருக்கவன் குவாட்டர்பேக்கை தாண்டி பின்னாடி ஓடிடறானா? குவாட்டர்பேக் நிக்கிற ஆழத்துக்கு வந்ததும் உள்ள வெட்டணும், இல்லன்னா அவன் திறந்து விட்ட கதவு வழியா குவாட்டர்பேக் நடந்து போவான்.

அறிகுறி: பாதி வரைக்கும் ராஜா, கடைசி கால்வாசியில கூஜா

மூச்சு. ஆனா யாரோட மூச்சு, எதனால போச்சுன்னு பாக்கணும். 2017 பிப்ரவரில அட்லான்டா 28-3னு முன்னாடி இருந்துட்டு 34-28ல தோத்தது எல்லாருக்கும் தெரியும். நியூ இங்கிலாந்து அன்னிக்கு ஆடினது 93 பிளே, அட்லான்டா ஆடினது 46. அதாவது அட்லான்டா டிஃபென்ஸ் ஒரு மேட்ச் காசுக்கு ஒன்றரை மேட்ச் ஆடியிருக்கு, மொதல்ல பாஞ்ச அதே டி-லைன் கடைசியில இடுப்புல கை வெச்சு நின்னுச்சு. டிஃபென்ஸ் களைச்சுப் போனதுக்கு மருந்து சில சமயம் ஆஃபென்ஸ்ல இருக்கும், மூணு பிளேல திரும்பி வந்து உக்காராம பந்தை கையில வெச்சிருக்கணும், அதுக்கு ஓடத் தெரியணும், ஓடறதுக்கு லைன் வேணும். சுத்தி சுத்தி சுப்பனோட கொல்லைதான்.

டி-லைன்ல ஆளை மாத்தி மாத்தி விடுங்க, நாலு பேருக்கு ஏழு எட்டு பேராவது வெச்சுக்கங்க. 2013ல சியாட்டில் மைக்கேல் பென்னட், கிளிஃப் ஏவ்ரில்னு ரெண்டு பேரை எடுத்து, எல்லாரையும் மாத்தி மாத்தி இறக்கிட்டே இருந்தாங்க, ஃபைனல்ல டென்வரை 43-8னு முடிச்சாங்க. ஓ-லைனை மட்டும் இப்படி மாத்தாதீங்க, அஞ்சு பேரும் ஒரே ஆள் மாதிரி அசையணும், பழக்கம் கலைஞ்சிடும். டெக்சஸ் ஆகஸ்ட் வெயில்ல கனமான பசங்களை தண்ணியில்லாம ஓட விடறது பயிற்சி இல்ல, கொலை. தலை சுத்துதுன்னு சொன்னா நிழல், ஐஸ், உடனே ட்ரெய்னர்.

அறிகுறி: மஞ்சள் கொடி மேல கொடி

தப்பு பண்ணா நடுவர் எறியற கொடி அது: ஃபால்ஸ் ஸ்டார்ட்னா (ஸ்னாப்புக்கு முன்னாடியே அசையறது) அஞ்சு கெஜம் பின்னாடி, ஹோல்டிங்னா (எதிராளியை பிடிச்சு இழுக்கறது) பத்து. டாக்கிள் மட்டும் திரும்பத் திரும்ப முன்னாடியே அசையறான்னா அவன் எதிர்ல நிக்கிறவன் வேகத்தை பாத்து பயந்திருக்கான், திட்டாதீங்க, பக்கத்துல ஒரு ஆளை குடுங்க. அஞ்சு பேருமே அசையறாங்கன்னா சத்தம் கேக்கல, சைலன்ட் கவுண்ட் பழக்குங்க: கார்டு திரும்பி குவாட்டர்பேக்கை பாப்பான், சைகை வந்ததும் சென்டரை தட்டுவான், சென்டர் தலையை ஆட்டி ஸ்னாப் பண்ணுவான். ஹோல்டிங் கை பண்ற தப்பு மாதிரி தெரியும், கால் லேட்டா போனதால கை இழுத்துச்சு, அவ்ளோதான்.

அறிகுறி: ஒரு ஆள் அடிபட்டா மொத்தமும் சரியுது, இல்லன்னா ஒரே ஒரு நல்ல ஆள் இருந்தும் பிரயோஜனமில்ல

க்ளீவ்லாண்ட்ல ஜோ தாமஸ்னு ஒரு லெஃப்ட் டாக்கிள், 2007ல டிராஃப்ட்ல மூணாவது ஆளா வந்தவன், ஒரு பிளே கூட விடாம தொடர்ச்சியா 10,363 ஸ்னாப் ஆடினான், பிளேஆஃப்ல ஒரு மேட்ச் கூட ஆடாமயே ரிட்டையர் ஆனான். அவன் காலத்துல அந்த டீம் மாத்தின குவாட்டர்பேக் மட்டும் 20 பேரு. வாட்ஸ்அப் குரூப்ல இதை ஒரு தடவை போட்டேன், ரெண்டு நாள் யாரும் பேசல.

எதிராளி உங்க நல்ல ஆள் பக்கமே வரமாட்டான், உங்க அஞ்சாவது ஆள் யாரோ அவனைத்தான் தேடி வருவான். அதனால மேல ஏத்த வேண்டியது அஞ்சாவது ஆளை, கூடவே ஆறாவது ஆளையும். அந்த ஆறாவது பையன் சென்டர், கார்டு ரெண்டும் தெரிஞ்சவனா இருக்கணும், வாரத்துல ஒரு நாளாவது மெயின் ஆளுங்களோட ஸ்னாப் எடுக்கணும். ஷாட்கன்ல, அதாவது குவாட்டர்பேக் தள்ளி பின்னாடி நிக்கறப்போ, ஸ்னாப் பண்ணத் தெரிஞ்ச ரெண்டாவது சென்டர் இல்லாம சீசன் ஆரம்பிக்காதீங்க, நாங்க ஒரு தடவை ஆரம்பிச்சோம், அன்னிக்கு ஸ்னாப் நாலு தடவை குவாட்டர்பேக் தலைக்கு மேல போச்சு.

ஆளை எங்க தேடறதுன்னா, குண்டா இருக்கறவனை எல்லாம் லைன்ல தள்ளுங்கிற புத்தியை மொதல்ல விடுங்க, ரெஸ்லிங் பண்ற பசங்களை பாருங்க, காலும் இடுப்பும் எப்படி அசையுதுன்னு பாருங்க. ஈகிள்ஸ் லெஃப்ட் டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவுல ரக்பி ஆடிட்டு இருந்தவன், 6 அடி 8 அங்குலம், 160 கிலோவுக்கு மேல, அமெரிக்கன் ஃபுட்பால் ஒரு மேட்ச் கூட ஆடினதில்ல. 2018ல ஏழாவது ரவுண்டுல எடுத்து, லைன் கோச் ஜெஃப் ஸ்டௌட்லண்ட் கையில குடுத்தாங்க. அதே டீம்ல ரைட் கார்டா ஆடின மெக்காய் பெக்டன் நியூயார்க் ஜெட்ஸ் முதல் ரவுண்டுல டாக்கிளா எடுத்து சரிப்பட்டு வராம விட்ட ஆள், இடத்தை மாத்தினதும் சூப்பர் பௌல் மோதிரம் போட்டுக்கிட்டான்.

அறிகுறி: லைன்ல ஆடவே யாரும் வர மாட்டேங்கறான்

இதுதான் எங்க ஊர்ல பெரிய வியாதி. எல்லாருக்கும் ரிசீவர் ஆகணும், யாருக்கும் 50ல இருந்து 79 வரைக்கும் இருக்கற ஜெர்சி நம்பர் வேணாம், அந்த நம்பர் போட்டா பாஸ் பிடிக்கற உரிமையே கிடையாது. நம்மாளுங்களும் சரி, பையன் லைன்ல ஆடறான்னா ஊருக்கு ஃபோன் பண்றப்போ சும்மா ஃபுட்பால் ஆடறான்னு மட்டும் சொல்லி நிறுத்திக்குவாங்க, நானே அப்படித்தான் இருந்தேன்.

வாஷிங்டன் ஹாக்ஸ் தனக்குன்னு டி-சர்ட் அடிச்சு போட்டுக்கிட்டாங்க, ரன்னிங் பேக் ஜான் ரிக்கின்ஸ் அந்த கூட்டத்துல கௌரவ மெம்பர் ஆனதை பெருமையா வெச்சுக்கிட்டான். நாங்க அதை காப்பி அடிச்சோம். வெள்ளிக்கிழமை மேட்ச் முடிஞ்சு மறுநாள் வீடியோ போடறப்போ மொத அரை மணி நேரம் லைன் மட்டும்தான், டச் டவுன் எல்லாம் அப்புறம். எதிராளியை முதுகு தரையில படற மாதிரி சாய்ச்சா அதுக்கு பேரு பான்கேக், ஒரு பான்கேக்குக்கு ஹெல்மெட்ல ஒரு ஸ்டிக்கர். குவாட்டர்பேக் பையன்தான் லைன் பசங்களோட பேட் பையை பஸ் வரைக்கும் தூக்கணும், இது எழுதாத சட்டம்.

போன சீசன்ல ரிசீவரா இருந்த ரெண்டு பசங்க தானா வந்து கார்டு ஆடறேன்னாங்க. என் பையன் ரைட் கார்டு, நம்பர் 64. மேட்ச் முடிஞ்சு கார்ல ஏறினதும் ஸ்கோரை சொல்லமாட்டான், ஹெல்மெட்டை மடியில வெச்சுக்கிட்டு ஸ்டிக்கரை எண்ணுவான். "அப்பா, இன்னிக்கு மூணு. ஒண்ணுதான் டவுட்டு, நீ எடுத்த வீடியோல பாத்து சொல்லு."